குழந்தைகள் மையத்தில் பல மொழிப் பாட்டும் ஆட்டமும்

குழந்தைகள் மையம் ஒன்றைப் பார்வையிடச் செல்லும் வட்டார வளர்ச்சி அலுவலர் முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார். கட்டடம், குடிநீர், கழிப்பிடம் ஆகியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாதலால் அவர் கண் அங்கேதான் செல்லும். உள்ளே பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பது அவருடைய அலுவல் அன்று. அது குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் துறை. பல ஆண்டுகள் நானும் அவ்வாறே வந்து போய்க்கொண்டிருந்தேன். என் காதைத் திருப்பியது ஒரு விழா மேடை.

எங்கள் பகுதியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. பள்ளியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. நான்கைந்து வயதுச் சிறுவர் சிறுமியர் கழுத்து நிறையப் பாசிமணி அணிந்து, முகத்திலே மை பூசி, நரிக்குறவர் வேடத்திலே ஒரு திரைப்படப் பாட்டுக்கு ஆடினர். கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. முன்வரிசையில் இருந்த நானும் கைதட்டினேன். பந்தலுக்கு வெளியே, ஊசியும் பாசியும் விற்க வந்த நரிக்குறவர் பெண் ஒருத்தி இடுப்பிலே குழந்தையுடன் நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த பெண் பிள்ளையின் பெயர் அருகிலிருந்த குழந்தைகள் மையத்தின் பதிவேட்டில் உண்டு என்பதும், வந்த நாட்களைவிட வராத நாட்களே மிகுதி என்பதும் பின்னர் எனக்குத் தெரிய வந்தன. மேடையில் அவர்களுடைய வேடம் இருந்தது. அவர்களுடைய பாட்டு ஒன்றுகூட இல்லை. அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30-ஆம் நாள் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது. பதினெட்டு ஊராட்சி ஒன்றியங்கள் கொண்ட இம்மாவட்டத்தைத் தமிழ் வழங்கும் மாவட்டம் என்று ஒரு சொல்லால் கூறிவிடுகிறோம். ஆனால் வடக்கே போகப் போக வீட்டிலே தெலுங்கு பேசும் குடும்பங்கள் உள்ளன. ஆரணி, வந்தவாசி, திருவண்ணாமலை நகரங்களில் உருது பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஜவ்வாது மலையிலே மலையாளிகள் என வழங்கப்படும் பழங்குடியினர் தமக்கே உரிய தமிழ் வழக்கைப் பேசுகின்றனர். சமவெளியில் ஏரிக்கரைகளை அடுத்து இருளர் குடியிருப்புகள் உண்டு. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி முதலிய வடபுல மொழிகளுக்கு உறவானது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. இவர்களோடு செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர் பிள்ளைகள். கிரிவலப் பாதையைச் சுற்றிலும் தங்கியிருக்கும் வெளிநாட்டு அன்பர்களின் பிள்ளைகள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் ஒரு முறை வந்தால் எத்தனை மொழித் தாலாட்டு காதில் விழும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இப்பிள்ளைகளில் ஒருவன் மூன்று வயதில் மையத்துக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பணியாளர் கதை சொல்கிறார், அவனுக்குப் புரியவில்லை. படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறார். அவன் அறிந்த பெயர் வேறு. வாயை மூடிக்கொள்கிறான். சில நாட்களில் வருகையும் நின்றுவிடுகிறது. வருகை நின்றால் மதிய உணவும் முட்டையும் எடை பார்ப்பதும் நின்றன என்று பொருள். பாட்டைப் பற்றிய பேச்சு ஒரு வளர்ச்சி அலுவலருக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே என் விடை. கதையைப் புரிந்துகொள்ள மொழி வேண்டும். கைதட்டிச் சுற்றி வரும் ஆட்டத்தில் சேர மொழி வேண்டுவதில்லை. பக்கத்துப் பிள்ளை கையை நீட்டினால் பிடித்துக்கொண்டால் போதும். சொல் பின்னால் வரும்.

ஆட்டத்தோடு கூடிய பாட்டு இவ்வூருக்குப் புதிய பொருளும் அன்று. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் தங்கியபோது பாடியவை என்று மரபு கூறுவன இரண்டு: திருவெம்பாவை, திருவம்மானை. அம்மானை என்பது பெண் பிள்ளைகள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடும் ஆட்டம். மார்கழி நீராடக் கூடிய பெண்களின் பாட்டையும், திண்ணையில் காய் எறியும் சிறுமியரின் பாட்டையும் அவர் எடுத்துக்கொண்டார். திருவாசகத்தின் மற்றப் பகுதிகளைப் புரட்டினாலும் உந்தி, சாழல், தோள்நோக்கம், பூவல்லி, பொன்னூசல் என்று மகளிர் ஆட்டங்களின் பெயர்களே நிரம்பியிருக்கும். அவருக்கு முன்னரே சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என்று அமைத்திருக்கிறார். ஆட்டப் பாட்டைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிய மரபு நம்முடையது அன்று.

அப்பாட்டுகள் எவ்வளவு தொலைவு சென்றன என்பதும் வியப்பானது. சயாம் நாட்டு அரண்மனை அந்தணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்கு ஒன்றுக்குத் திரியம்பாவாய் என்று பெயர். திருவெம்பாவை என்னும் சொல்லே அங்கே அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். பாங்காக் நகரத்தில் 1784-இல் நாட்டப்பட்ட மாபெரும் ஊஞ்சற் கம்பம் அச்சடங்குக்காகவே எழுந்தது. ஊஞ்சலாடுவது 1935-க்குப் பின் நின்றுபோயிற்று. கம்பம் இன்றும் நிற்கிறது. நம் பாட்டைக் கடல் கடந்தவர் ஏற்றுக்கொண்டார்களென்றால், பிறர் பாட்டை நம் பிள்ளைகள் பாடுவதிலே என்ன குறை வந்துவிடும்?

பிறர் பாட்டு என்று சொல்கிறோமே, அதை அருகே வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நம்முடையது போலவே இருக்கிறது. நம் சிறுமியர் கைகோத்துச் சுழன்று தட்டாமாலை ஆடுகின்றனர். ஆந்திர நாட்டுச் சிறுமியர் அதே போலக் கைகோத்துச் சுழல்வதற்கு ஒப்புலகுப்பா என்று பெயர். பஞ்சாபில் அது கிக்லி, மராட்டியத்தில் புகடி. வட்டமாக உட்கார்ந்தவர்களின் முதுகுக்குப் பின்னே துணியைப் போட்டுவிட்டு ஓடும் குலைகுலையா ஆட்டம் நம் தெருக்களில் எல்லாருக்கும் தெரியும். பஞ்சாபில் அதைக் கோக்லா சபாக்கி என்பர். ஜப்பானியப் பிள்ளைகள் கைக்குட்டையைப் போட்டு அதையே ஆடுகின்றனர். இருவர் கைகளை உயர்த்தி வளைவு அமைக்க, மற்றவர் வரிசையாக நுழைந்து போக, பாட்டு முடியும்போது கைகள் இறங்கி ஒருவரைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டத்தை நாம் ஒரு குடம் என்கிறோம். இந்தி பேசும் பிள்ளைகளுக்கு அது போஷம்பா. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு வளைவு லண்டன் பாலமாகிறது. கொரியப் பிள்ளைகளுக்குத் தலைநகரின் கோட்டை வாயிலாகிறது. குழந்தையின் உள்ளங்கையில் விரலால் சோறு பிசைந்து, நண்டைப் போல் கைவழியே ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் நம் பாட்டிமாரின் விளையாட்டை, உள்ளங்கையில் வட்டம் போட்டுத் தொடங்கி ஆங்கிலத் தாய்மாரும் விளையாடுகின்றனர். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாகச் சொல்வதற்கு இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு எங்கும் ஒன்றுபோல் இருப்பதே காரணம் எனத் தோன்றுகிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதை நுட்பமாக அறிந்திருந்தனர். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று வகுத்தனர். தலை நிமிர்த்தி அசையும் காலத்துக்கு ஒரு பாட்டு, கைகொட்டும் காலத்துக்கு ஒரு பாட்டு, நடந்தபின் சிறுபறை கொட்டவும் சிறுதேர் உருட்டவும் பாட்டு. ஜெர்மனியில் ஃபிரோபெல் 1844-இல் தாய்மார் குழந்தையோடு கைவிரல் அசைத்துப் பாடுவதற்கென ஒரு பாட்டு நூல் வெளியிட்டபோது, மேல்நாட்டுக் கல்வியாளர் அதைப் புதுமை என்று போற்றினர்.

வேற்று நாட்டுப் பாட்டு காதுக்கு என்ன செய்கிறது என்பதை அண்மைக் கால ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியிருக்கிறது. பல்கேரியா, மாசிடோனியா முதலிய பால்கன் நாட்டுப் பாட்டுகள் பல, ஏழு எண்ணிக்கை போன்ற ஒற்றைப்படைத் தாளத்தில் நடப்பவை. வட அமெரிக்கரின் காது இரண்டுக்கும் நான்குக்கும் பழகியது. 2005-இல் ஹானன், டிரெஹப் என்னும் இரு அறிஞர் அங்குள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பால்கன் தாளத்தைக் கேட்கச் செய்து, நடுவிலே தாளத்தைக் குலைத்துப் பார்த்தனர். ஆறு மாதக் குழந்தைகள் குலைவைக் கண்டுகொண்டன, பெரியவர்கள் கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டு மாதக் குழந்தைகளும் பெரியவர்களைப் போலவே தவறவிட்டன. பின்னர் இரண்டு வாரம் அந்த இசையை வீட்டிலே கேட்கச் செய்தபோது, பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு அத்திறன் மீண்டது, பெரியவர்களுக்கு மீளவில்லை. பிறக்கும்போது எல்லாத் தாளத்துக்கும் திறந்திருக்கும் காது, ஊர்ப் பழக்கத்தால் சிறிது சிறிதாக மூடுகிறது. சிறு வயதில் கதவைத் தட்டினால் எளிதில் திறக்கிறது. நமக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. மேல்நாட்டாரைத் திணறச் செய்யும் ஏழு எண்ணிக்கை நம் மிசிர சாபுவிலே கிடக்கிறது. பல்கேரியரின் ராச்சனிட்சா ஆட்டம் இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணும். நாம் மூன்று, இரண்டு, இரண்டு என்று எண்ணுகிறோம். கூட்டினால் ஏழுதான்.

சேர்ந்து பாடி ஆடுவது குணத்தையும் மாற்றுகிறதென்று வேறு இரு ஆய்வுகள் கூறுகின்றன. ஜெர்மனியில் கிர்ஷ்னர், டொமசெல்லோ ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகளில் சிலரைச் சேர்ந்து பாடியாடச் செய்தனர். மற்றவர்களை அதே விளையாட்டைப் பாட்டின்றி ஆடச் செய்தனர். பாடியாடியவர்கள் பின்னர் ஒருவருக்கொருவர் மிகுதியாக உதவினர். கனடாவில் 2014-இல் வெளிவந்த ஆய்வில், எதிரே நிற்பவரோடு ஒரே தாளத்தில் அசைக்கப்பட்ட பதினான்கு மாதக் குழந்தைகள், அவர் கீழே போட்ட பொருளை எடுத்துக் கொடுக்க முந்தின. சாதியாலும் மொழியாலும் தனித்தனித் தெருக்களில் வாழும் பிள்ளைகளைக் கொண்ட மையத்துக்கு இது சிறிய செய்தியன்று.

இனி நடைமுறை. ஹங்கேரி நாட்டு இசை மேதை கோடாய், குழந்தைக்கு முதலில் அதன் தாய்மொழி நாட்டுப் பாடலைக் கொடுங்கள், பிறகு மற்றவர் பாட்டுக்குச் செல்லுங்கள் என்று வற்புறுத்தியவர். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் நம் மையத்தில் தாய்மொழி எது என்பதைப் பணியாளர் முதலில் விசாரித்து அறிய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் என்ன பாடுகிறார்கள் என்று கேட்டு எழுதினாலே பத்துப் பதினைந்து பாட்டுகள் சேர்ந்துவிடும். அவற்றைப் பாட அந்தத் தாயையோ பாட்டியையோ ஒரு நாள் மையத்துக்கு அழைக்கலாம். தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் 1945-இல் மராட்டியக் கடற்கரையில் போர்டி கிராமத்தில் இப்பணியைத் தொடங்கியபோது, பிள்ளைகள் தம்மிடம் வரட்டுமென்று காத்திருக்கவில்லை. பழங்குடியினரின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். அங்கன் என்றால் முற்றம். நாம் இன்று கூறும் அங்கன்வாடி என்னும் பெயர் அங்கிருந்து வந்தது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது.

வீட்டுப் பாட்டுக்குப் பின் அண்டை வீட்டார் பாட்டு. அதன்பின் தொலைநாட்டு ஆட்டம் இரண்டொன்று. நம் ஆட்டத்துக்கு இணையானதைத் தேர்ந்தால் பிள்ளைகளுக்குத் திகைப்பிராது. கோலாட்டம் தெரிந்த ஊரில், நியூசிலாந்து மாவோரி மக்கள் இருவர் எதிரெதிரே அமர்ந்து தாளத்துக்குக் கோல்களைத் தட்டியும் மாற்றியும் ஆடும் தீ ராக்காவ் ஆட்டத்தைக் காட்டலாம். எறிவதை விட்டுத் தட்டுவதோடு நிறுத்துக. மிசோரத்தின் செராவ், பிலிப்பைன்ஸின் டினிக்லிங் ஆகிய மூங்கில் ஆட்டங்களுக்கு இரு மூங்கிலைத் தரையில் அசையாமல் கிடத்தி, இடையே குதித்துத் தாண்டச் செய்தால் போதும். மூங்கிலை அசைப்பது பெரிய பிள்ளைகளுக்கு உரியது. கானா நாட்டுப் பிள்ளைகள் தாளத்துக்கு ஏற்பக் கல்லை அடுத்தவர் முன் கடத்துகின்றனர். நாம் கல்லுக்குப் பதிலாகத் துணிப் பந்து வைக்கலாம். புளியங்கொட்டையும் சிறு கல்லும் வாய்க்குப் போகும், வேண்டா.

கருவி வாங்க நிதி கேட்டு எழுத வேண்டிய தேவை இல்லை. விளிம்பு தேய்த்த கொட்டாங்குச்சி இரண்டு, ஒரு சலங்கைக் கொத்து போதும். ஒலிபெருக்கி அறவே வேண்டா. சில மையங்களில் பாட்டைப் பெட்டியில் ஓடவிட்டு, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பாட்டுக் கேட்டல், பாடுதல் அன்று. பெட்டி பிள்ளைக்காகக் காத்திருக்காது. பணியாளரின் குரல் காத்திருக்கும். தமக்குக் குரல் இல்லை என்று பணியாளர்கள் வெட்கப்படுவதும் வீண். பிள்ளைகள் எட்டக்கூடிய சுருதியில், மிக உயராமலும் மிகத் தாழாமலும் எடுத்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு புதுப் பாட்டு; அதைப் பத்து நாள் திரும்பப் பாடுக.

பொருள் தெரியாத பாட்டைப் பிள்ளை வாயில் ஏற்றக் கூடாது. வேற்று மொழிப் பாட்டு என்றால் அம்மொழி பேசுபவரிடம் பொருளைக் கேட்டுக்கொள்க. நம் பழைய ஆட்டப் பாட்டுகளிலேயே ஒரு சாதியையோ தொழிலையோ உடற்குறையையோ எள்ளும் அடிகள் கலந்திருப்பதுண்டு. அவற்றை விட்டுவிட வேண்டும். ஒரு சமூகத்தாரின் வழிபாட்டுப் பாட்டை விளையாட்டாக்குவதும் தகாது. முகத்தில் மை பூசும் வேடம் ஒருபோதும் வேண்டா என்பதை நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோரிடமிருந்து ஒரு மறுப்பு வரும், வந்தது. “ஐயா, ஆங்கில ரைம்ஸ் சொல்லித் தருவார்களென்று பார்த்தால் குறவர் பாட்டைச் சொல்லித் தருகிறார்கள். நாங்கள் நர்சரிப் பள்ளிக்கே போய்விடுகிறோம்” என்றார் ஒரு தகப்பனார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆங்கிலம் சோறு போடும் என்று அவர் நம்புகிறார். ஆங்கில ஆட்டப் பாட்டும் மையத்தில் உண்டு, அதுவும் உலகப் பாட்டுகளில் ஒன்றே என்று சொல்லிப் பார்த்தேன். முத்துசுவாமி தீட்சிதர் கோட்டைப் பாண்டு வாத்தியக்காரரின் மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டுச் சமஸ்கிருதச் சொல் அமைத்து ஏறக்குறைய நாற்பது நோட்டுஸ்வரங்கள் பாடினார் என்பதையும், அதே தீட்சிதர்தாம் நம் ஊர்ப் பெருமான் மீது சாரங்கா ராகத்தில் அருணாசலநாதம் பாடினார் என்பதையும் எடுத்துக் கூறினேன். தகப்பனாருக்கு அது சுவைக்கவில்லை. அவருடைய பிள்ளை அடுத்த ஜூனில் நர்சரிக்குப் போய்விட்டது.

விழாவின்போது வெளியே நின்ற அந்தத் தாயை மையத்துக்கு அழைத்து வந்தவர் பணியாளர்தாம், நான் அல்லேன். மூன்று முறை அவர்களுடைய குடியிருப்புக்குச் சென்று கேட்டாராம். “பாட்டெல்லாம் தெரியாது சாமி, பிள்ளையைத் தூங்க வைக்கத்தான் தெரியும்” என்றாளாம் அவள். வந்த அன்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பணியாளர் அருகே போய் உட்கார, மற்றப் பிள்ளைகளும் வாசலுக்கே வந்துவிட்டனர். கால்களை நீட்டி, மடியிலே குழந்தையைக் குப்புறக் கிடத்தி, முதுகிலே தட்டிக்கொண்டு பாடினாள். தட்டுவது சீராக இரண்டாக நடந்தது. பாட்டு அதன்மேல் வேறொரு நடையிலே போயிற்று. ஒரு வாரத்தில் பிள்ளைகள் தத்தம் துணிப் பொம்மைகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு அதைப் பாடினர். சொல் பாதி பிழை. பிழை வந்த இடத்தில் எல்லாம், அதுவரை வாய் திறவாத அந்த மூத்த பெண் எழுந்து நின்று திருத்தினாள்.

மூன்று மாதம் அவள் தவறாமல் வந்தாள். பிறகு குடும்பம் மணி விற்கத் திருவிழாக்களுக்குப் புறப்பட்டது. வருகைப் பதிவேட்டில் மீண்டும் வெற்றிடம். போகும் ஊர்களிலுள்ள மையங்களில் பிள்ளைக்கு உணவு கிடைக்கத் தாயிடம் என்ன எழுதிக் கொடுக்கலாம் என்று திட்ட அலுவலரோடு பேசி வருகிறேன். பணியாளரின் நாற்பது பக்க நோட்டில் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் இருந்து எழுதிய பாட்டுகளின் கீழே இந்தப் பாட்டும் தமிழ் எழுத்தில் இருக்கிறது. நம் எழுத்துக்கு அடங்காத ஒலிகள் நான்கைந்து இடங்களில் பென்சிலால் அடிக்கோடு இடப்பட்டுள்ளன; அந்தத் தாய் திரும்பியதும் கேட்டுத் திருத்த வேண்டும்.